பேட்டு தின்னாத உருண்டைகள்

அந்தமானில், பாம்பூ ஃபிளாட் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இப்போது தலை நரைத்திருக்கும். உங்களில் பாதிப் பேர் போர்ட் பிளேருக்கும் மெயின்லேண்டுக்கும் போய்விட்டீர்கள். எப்போதாவது போட் ஏறுகிற ஜெட்டியில் பார்த்துக்கொண்டால் முதலில் கேட்பது அந்த நாயைப் பற்றித்தான். சோப்புத் தின்கிற நாய் ஒன்று வைத்திருந்தாயே, அது என்ன ஆயிற்று என்பீர்கள். நான் சிரித்துக்கொண்டே போட்டில் ஏறிவிடுவேன். நாலு பேருக்கு நடுவில் பேச எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஜெட்டி டீக்கடைக்குப் பின்னால் பிறந்த நாய். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்தே இருக்கும். குட்டியாக இருக்கும்போதே டீக்கடைக்காரர் வடை எண்ணெய் துடைத்த துணியை முழுசாக விழுங்கிவிட்டது. செத்துப்போகும் என்று எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் துணி பின்வழியாக வந்தது. டீக்கடைக்காரர் இந்தியில் அதற்குப் பேட்டு என்று பேர் வைத்தார். பெருந்தீனிக்காரன் என்று அர்த்தம். அன்றைக்கே அதை நான் வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

பேட்டு தின்னாததைச் சொல்வதுதான் சுலபம். அப்பா எதிர்க்கரையில், சாத்தம் தீவு மரமில்லில் வேலை பார்த்தார். படாக் மரத்தூள் படிந்து சிவந்துபோன சட்டையோடு வருவார். அந்தச் சட்டையின் கையைப் பேட்டு தின்றான். வேப்பெண்ணெய் சோப்பு, மெழுகுவர்த்தி, மாரியம்மன் கோயில் கற்பூரம், பக்கத்து வீட்டு மலையாளச் சேட்டனின் ஒரு கால் செருப்பு, அண்ணன் நிக்கோபார் பக்கம் கேம்பல் பேயிலிருந்து போட்ட கடுதாசியில் பாதி. அந்தக் கடுதாசியின் மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, அண்ணன் வருகிறானா, வரவில்லை என்கிறானா என்று அம்மாவும் அப்பாவும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.

அவன் தானாகவே இதையெல்லாம் கற்றுக்கொள்ளவில்லை. நாமும் கற்றுக்கொடுத்தோம். உங்களுக்கு மறந்திருக்கலாம். இடைவேளையில் அவனைச் சுற்றி நின்று, அழிரப்பரைத் தின்பானா, சாக்பீஸைத் தின்பானா என்று பந்தயம் கட்டுவோம். பச்சைமிளகாயை வாழைப்பழத்துக்குள் செருகிக் கொடுத்தது நம்மில் ஒருவர்தான். பேட்டு தின்றுவிட்டு வாயைப் புல்லில் தேய்த்துக்கொண்டு வட்டம் வட்டமாக ஓடினான். பிறகு அதே கையைத் தேடி வந்து நக்கினான். வகுப்பில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் சோப்புத் தின்ற நாளிலிருந்துதான் கூப்பிட்டீர்கள். அதனால் நானும் வீட்டிலிருந்து சோப்புத் துண்டுகளை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

செருப்புத் தின்ற அன்றைக்கு அப்பா அவனைக் காலையில் போகிற போட்டில் சாத்தத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார். இங்கே வேண்டாத நாயை விரட்ட அதுதான் வழக்கம். நடுவில் கடல் இருந்தால் திரும்பிவராது என்று எல்லாருக்கும் நம்பிக்கை. அப்பா சாயந்திரம் வேலை முடிந்து இந்தப் பக்கம் வந்து இறங்கியபோது, போட்டில் டிக்கெட் கிழிக்கிறவர் சிரித்தாராம்.

"அண்ணே, உங்க ஆளு நாலு மணி போட்டுலயே வந்து எறங்கிட்டாப்ல. டிக்கெட்டுதான் எடுக்கல."

இரண்டாம் தடவையும் அப்படியே வந்தான். சாத்தம் ஜெட்டியில் கயிறு கட்டுகிற இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். ஒரு போட்டில் ஏறவிடாமல் விரட்டினால் அடுத்த போட்டுக்குக் காத்திருப்பான். அவ்வளவு போட்டில் வந்தும் கடல் தண்ணீரில் மட்டும் கால் வைக்கமாட்டான். அலை பாதத்தைத் தொட்டாலே பின்வாங்குவான்.

நான் சொல்ல வந்த மழைக்காலம் அதற்கு அடுத்த வருஷம். ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் கப்பல் மூன்று வாரமாக வரவில்லை. கடையில் வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. தினமும் மீனும் பருப்பும்தான். அண்ணன் கேம்பல் பேயில் ரோடு வேலைக்குப் போயிருந்தான். கல்யாணமாகி வந்த மதினி எங்களோடு இருந்தாள். பரமக்குடிப் பக்கத்துப் பெண். ஆறு மாதக் கர்ப்பம். இங்கே வந்து ஒரு வருஷமாகியும் ஈரக் காற்றும் மீன் வாடையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பருப்புச் சோற்றில் ரசத்தை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு நாலு வாய் விழுங்குவாள். அதுவும் தங்காது. வீட்டில் அவள் குரல் கேட்பது அபூர்வம். அந்த விஷயத்தில் நானும் அவளும் ஒரே ஜாதி.

கப்பல் கடைசியில் வந்தது. அதில் ஊருக்குப் போய்த் திரும்பிய கான்ட்ராக்டர் ஒருவர் மதினியின் அம்மா கொடுத்துவிட்ட மஞ்சள் பையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். பை நிறையப் பொரிவிளங்காய் உருண்டை. பிள்ளைத்தாச்சி மகளுக்கு என்று ஒரு தாய் வறுத்து இடித்து, வெல்லப்பாகு ஊற்றிப் பிடித்தது. கப்பல் நாலு நாள் ஆடினாலும் உடையாத பண்டம். அம்மா பையைத் திறந்ததும் சுக்கும் ஏலக்காயும் வறுத்த பாசிப்பயறும் வீடு முழுக்க மணத்தன. மதினி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கப்பலில் வந்த பண்டத்தை நாம் தனியாகத் தின்பதில்லை. இது உங்களுக்குத் தெரியும். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. நாங்கள் இருந்த மலைச்சரிவில் எங்களைத் தவிரப் பன்னிரண்டு தமிழ் வீடுகள். யார் வீட்டுக்கு ஊரிலிருந்து எது வந்தாலும் எல்லா வீட்டுக்கும் போகும். ஊறுகாய் வந்தால் ஆளுக்கு ஒரு கரண்டி, முறுக்கு வந்தால் ஆளுக்கு இரண்டு. எங்களுக்கு ஊரில் அனுப்ப யாரும் இல்லை. பல வருஷமாக அம்மா வாங்கி மட்டுமே தின்றவள். கொடுக்கிற முறை அவளுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது.

அம்மா எண்ணினாள். முப்பது உருண்டை. பன்னிரண்டு வீட்டுக்கும் இரண்டிரண்டு. கொண்டுவந்தவருக்கு நாலு. டீக்கடைக்காரருக்கு இரண்டு. கணக்குச் சரியாக முடிந்தது. மதினி அந்த இடத்தைவிட்டு நகராமல் நிற்பதைப் பார்த்து அம்மா சொன்னாள்:

"நம்ம வீட்டுப் பண்டத்தை நாமளே தின்னா நல்லாவா இருக்கும்? வெள்ளிக்கெழமை கொடுத்து முடிப்போம். மிஞ்சுனா பாப்போம்."

மிஞ்சாது என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். மதினி சரி அத்தை என்றாள். அம்மா பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். அன்றைக்குத் திங்கட்கிழமை. கான்ட்ராக்டர் போகிற வழியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்ததால், மறுநாளே அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாவைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகியதால் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வீட்டின் பின்பக்கம் டக் டக் என்று சத்தம் கேட்டுப் போனேன். துவைக்கிற கல்லில், தார்ப்பாய்க்கு அடியில் மதினி உட்கார்ந்திருந்தாள். ஓர் உருண்டையை முந்தானையில் சுற்றி அம்மிக்குழவியால் உடைத்துக்கொண்டிருந்தாள். உடைந்த துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தாடை மெதுவாக அசைந்தது. கண்ணைத் திறந்தபோது நான் நின்றிருந்தேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். சொல்லாதே என்று கெஞ்சவுமில்லை, இந்தா என்று ஒரு துண்டு நீட்டவுமில்லை. அவள் காலடியில் பேட்டு மூக்கை நீட்டிப் படுத்திருந்தான். அவனுக்கும் அவள் ஒன்றும் போடவில்லை. தரையில் சிந்திய மாவை அவன் நக்கினான். நான் வந்த வழியே திரும்பிப் போய்ப் புத்தகப் பையைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பையை எடுக்கப் போனாள். வெகுநேரம் உள்ளே சத்தமே இல்லை. பிறகு பையோடு வாசலுக்கு வந்தாள். பை அடிப்பக்கம் தாறுமாறாகக் கிழிந்திருந்தது. பாதிக்கு மேல் காணவில்லை. அக்கம்பக்கம் கேட்கும்படி அம்மா பேட்டுவைத் திட்டினாள். இந்த நாய் என் மானத்தைத் தின்றுவிட்டது என்றாள். பெண்கள் வந்து கிழிந்த பையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சோப்பையே தின்கிறவன் உருண்டையை விடுவானா என்றாள் ஓர் அத்தை. மதினி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பேட்டு கூட்டத்தைக் கண்டு வாலை ஆட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றான்.

சாயந்திரம் அப்பா மரச்சட்டத்தால் அவனை அடித்தார். அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் வாசலில் அத்தனை பேர் நின்றார்கள். ஒவ்வொரு அடிக்கும் பேட்டு கத்திக்கொண்டு ஓடி, அடி நின்றதும் அப்பா காலடிக்கே திரும்பி வந்தான். பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேட்டுவால் பின்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் போனதும்தான் அப்பா நிறுத்தினார். அப்போது டுங்கி வைத்திருந்த தெலுங்கு மீன்காரர் வந்தார். டுங்கி என்றால் மோட்டார் வைத்த சின்னப் படகு. அவரும் அப்பாவும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். சாத்தத்தில் விட்டால் போட் ஏறி வந்துவிடுவான், எதிரே இருக்கிற திட்டில் விட்டுவிடலாம் என்றார் மீன்காரர். அந்தத் திட்டில் ஆள் கிடையாது, ஊற்றுக் கிடையாது. நாலு தாழை மரமும் பாறையும்தான். நடுவில் ஓடுகிற நீரோட்டம் மரக்கட்டையையே வெளிக்கடலுக்கு இழுத்துப் போய்விடும்.

"கொல்றது பாவம்," என்றார் அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி. "விட்டுட்டு வந்துட்டா அது பாடு, கடல் பாடு."

மறுநாள் காலையில் நானும் போனேன். நான் இல்லாமல் அவன் டுங்கியில் ஏறமாட்டான் என்று அப்பா கூட்டிப்போனார். பேட்டு என் மடியில் முகவாயை வைத்துக்கொண்டு, மோட்டார் சத்தத்துக்குக் காதை ஆட்டிக்கொண்டு வந்தான். போட்டில் போவது அவனுக்குப் பிடிக்கும். திட்டில் டுங்கியின் மூக்கு மணலில் முட்டியதும் அவனை இறக்கச் சொன்னார்கள். என் காலைச் சுற்றிக்கொண்டு இறங்க மறுத்தான். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் டவுசர் பையில் கைவிட்டேன். ஒரு சோப்புத் துண்டு இருந்தது. அதை மணலில் தூர எறிந்தேன்.

அவன் ஒரு காலை நொண்டிக்கொண்டு போய் அதைத் தின்றான். தின்று முடித்துத் தலையைத் தூக்கியபோது நாங்கள் நீரோட்டத்துக்கு வந்துவிட்டோம். குரைப்பான் என்று நினைத்தேன். குரைக்கவில்லை. ஒரு பாறையின் பக்கத்தில் போய், சாத்தம் ஜெட்டியில் உட்காருவது போலவே உட்கார்ந்துகொண்டான். அடுத்த போட் வரும் என்று நினைத்திருப்பான்.

ஊளை அன்றைக்குச் சாயந்திரம் ஆரம்பித்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்போது எங்கள் சரிவு முழுக்கக் கேட்கும். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. முதல் இரண்டு நாள் வேடிக்கையாக இருந்தது. பேட்டு பாடுகிறான் என்றார்கள் டீக்கடையில். உங்களில் சிலர் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று பதிலுக்கு ஊளையிட்டீர்கள். அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் சத்தம் வேகமாகும்.

மூன்றாம் நாள் பெருமழை பிடித்தது. அதுதான் அவனுக்குக் கெடுதலாகப் போயிற்று. பாறைக்குழிகளில் தண்ணீர் நின்றிருக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் மூன்று, நாலு நாளில் முடிந்திருக்கும்.

அம்மா மதினியின் வேலையை மாற்றினாள். அதுவரை அடுப்படிக்குள் இருந்தவளை, காற்றோட்டமாக இரு என்று சொல்லிப் பின்பக்கம் கடலைப் பார்த்து உட்காரவைத்தாள். அரிசி பொறுக்க, பாத்திரம் விளக்க, எல்லாம் அங்கேதான். மதினிக்குச் சாப்பாடு சுத்தமாக இறங்கவில்லை. கன்னம் ஒட்டிக்கொண்டு, வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. காலையில் நான் பல் விளக்கப் பின்பக்கம் போகும்போது மட்டும் மெதுவாகக் கேட்பாள்.

"தம்பி, இன்னிக்கும் கேக்குதா?"

கேட்கிறது என்று தலையை ஆட்டுவேன். அவளுக்கும் கேட்கத்தான் செய்தது. தன் காதில் மட்டும் கேட்கிறதோ என்று அவளுக்குப் பயம்.

ஆறாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். மதினி குளிக்கப் போயிருந்தாள். நான் அதுவரை அம்மாவாகக் கேட்காமல் அவளிடம் ஒரு வார்த்தை பேசியவன் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, செதில் ஒட்டிய அவள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அம்மா, உருண்டையைப் பேட்டு திங்கல."

"தெரியும்," என்றாள்.

"மதினிதான்…"

"தெரியும்ங்கிறேன்ல." அம்மா மீனைத் திருப்பி வைத்தாள். "முடிச்சை அவுத்துத் தின்னுட்டுத் திருப்பி முடிச்சுப் போட்டு வைக்கிற நாயை எங்கயாச்சும் பாத்திருக்கியா? நாந்தான் பையைக் கிழிச்சேன்."

அம்மா சத்தத்தைக் கூட்டாமல், பாடம் சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டு போனாள். கப்பல் பார்சல் வந்தது பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும். அது எங்கே என்று கேட்டால் மருமகள் திருடித் தின்றுவிட்டாள் என்றா சொல்ல முடியும். நாய் என்று சொன்னால் நம்புவார்கள். வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், நாயை என்ன செய்தோம் என்று பார்ப்பார்கள்.

"பிள்ளைத்தாச்சியை அடிக்க முடியுமா? அதான், கேட்டுக்கிட்டு இருக்கட்டும்னு விட்டேன்."

அப்பாவிடம் சொல்லி அவனைக் கூட்டிவரச் சொல் என்றேன். அம்மா அரிவதை நிறுத்திவிட்டு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"சொல்றேன். சொன்னா உங்கப்பா அடுத்த கப்பல்ல அவளை ஊருக்கு ஏத்திவிட்டுருவாரு. இந்தக் கடல்ல, இந்த வயித்தோட. உனக்கு நாயா, மதினியா? நீயே சொல்லு. நீ சொல்றபடி செய்றேன்."

நான் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாய் வரைக்கும் வந்தது எதுவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். பிறகு அடுத்த மீனை எடுத்தாள். நான் எழுந்து போய்விட்டேன்.

வேறு வழி இருந்தது. யாரிடமும் எதையும் சொல்லாமல், மீன்காரரிடம் கெஞ்சி அவனை எடுத்துவந்து, விம்பர்லிகஞ்ச் பக்கம் யாருக்காவது கொடுத்திருக்கலாம். இது எனக்குத் தோன்றியபோது எனக்கு முப்பது வயது. அம்மாவுக்கு அன்றைக்கே தோன்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவள் கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் தூங்காமல் உட்கார்ந்திருப்பவள். மதினியின் பிரசவத்துக்கும் அவள்தான் எல்லாம் பார்த்தாள். அண்ணன் பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டாள். என்னிடம் கேட்டாளே, அது என் வாயை அடைக்கவா, இல்லை, ஒருவராவது நாய் என்று சொல்லட்டும் என்று எதிர்பார்த்தா? அவள் சாகும்வரை நான் கேட்கவில்லை.

ஏழு, எட்டு, ஒன்பது என்று நாள் போயிற்று. சத்தம் கம்மிக் கம்மி, கடைசியில் ஊளையாக இல்லை. கீச்சென்று ஒரு கோடு மாதிரி வந்து அறுந்துபோகும். டீக்கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மீன்காரர் அந்தப் பக்கமாக வலை போடப் போவதில்லை என்று சொன்னார்கள். அப்பா சாயந்திரம் வருகிற போட்டை விட்டுவிட்டு, இருட்டிய பிறகு வருகிற போட்டில் வர ஆரம்பித்தார்.

பத்தாம் நாள் காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. மதினி சாம்பலும் கையுமாகப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, விளக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, கேக்குதா?"

நான் நின்று கேட்டேன். ஒரு போட் ஹாரன் அடித்தது. அது நின்ற பிறகும் கேட்டேன். அலைதான்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். மதினி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். வேகமாகத் தேய்த்தாள்.

மத்தியானம் அம்மா சூரை மீன் குழம்பு வைத்திருந்தாள். புளி தூக்கலாக, கப்பலில் வந்த சின்ன வெங்காயம் போட்டது. மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்தோம். மீன் வாடையே ஆகாத மதினி அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கினாள். அம்மா அவள் கேட்காமலேயே போட்டாள், நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். போதுமா என்றாள். போதும் அத்தை என்றாள் மதினி. நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா எல்லாத் தட்டிலிருந்தும் முள்ளையும் தலையையும் ஒரே தட்டில் வழித்துப் பழக்கத்தில் என்னிடம் நீட்டினாள். நானும் பழக்கத்தில் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே போய், அதை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் நின்றேன்.